எடை நிறைய குறைந்த பிறகு பழைய துணிகள்: எதைப் பிடிக்கலாம், எதை வைக்கலாம், எதை விடலாம்?

அளவுநாடா எழுதியது:

எடைக் குறைப்பு பற்றி சாப்பாடு, நடை, மருந்து, அறுவை சிகிச்சை என்று எல்லாமே பேசியாகிவிட்டது. துணியைப் பற்றி மட்டும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்: "பழசைத் தூக்கிப் போடுங்க, திரும்பிப் பார்க்காதீங்க." 20 கிலோ, 30 கிலோ, அதற்கு மேலும் குறைந்தவர்களின் அலமாரியில் நாலைந்து அளவுத் துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, மறுவாரம் வேலைக்குப் போட்டுப் போக ஒன்றும் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. ஒன்றையும் விடாமல் வைத்துக்கொண்டு, பொருந்தாத சட்டைகளுக்கு நடுவே பொருந்துகிற ஒன்றைத் தினமும் தேடுபவர்களும் உண்டு.

எனக்குத் தெளிவாக வேண்டியவை இவைதான். எந்தக் கட்டத்தில் விடுவது? தையற்காரரிடம் கொடுத்துப் பிடிப்பதற்கு, அதாவது தைத்துச் சிறிதாக்குவதற்கு, எல்லை எது? எடை திரும்ப ஏறுமோ என்ற பயத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது? கொடுக்கும் துணியை எப்படிக் கொடுப்பது? சொந்தக் கதை வேண்டாம் நண்பர்களே. அளவும் முறையும் எழுதுங்கள். தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும்.

காலிஅலமாரி எழுதியது:

என் கருத்து கொஞ்சம் கறாரானது. பெரிய அளவு எதையும் வைக்காதீர்கள்.

காரணம் இதுதான். எடை ஏறுவதை முதலில் சொல்வது எடைக்கருவி இல்லை, இடுப்புப் பட்டி. 36 இடுப்புக்காரர் 42 பேன்டை பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தால், 4 கிலோ ஏறினாலும் உடம்புக்குத் தெரியாது. துணிதான் இடம் கொடுத்துக்கொண்டே போகிறதே. எலாஸ்டிக் இடுப்பு இன்னும் மோசம், அது எந்த அளவுக்கும் சரி என்று சொல்லிவிடும். இழுபடாத துணியில், பட்டன் வைத்த இடுப்புப் பட்டியுள்ள ஒரே ஒரு பேன்ட் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுப் பட்டன் மாட்டி, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பட்டன் போட மூச்சை இழுக்க வேண்டியிருந்தால் அன்றைக்கே கவனிக்க ஆரம்பிக்கலாம். பெரிய துணி அலமாரியில் இருந்தால் அந்தப் பேன்டை ஒதுக்கிவிட்டுப் பெரியதை எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

நிலாமுற்றம் எழுதியது:

காலிஅலமாரி அண்ணா சொல்லும் பட்டன் பேன்ட் சோதனை நல்லது. ஆனால் "எதையும் வைக்காதே" என்பதோடு ஒத்துப்போக முடியவில்லை. எடை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் இதைச் சொல்லக்கூடாது.

குறைந்துகொண்டே வரும் கட்டத்தில் ஒரு அளவு இரண்டு மூன்று மாதம்கூட நிற்காது. அப்போது பெரியதைக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் புதிதாக வாங்கிக் குவிக்கக்கூடாது. இரண்டு பேன்ட், நாலு மேலாடை, அதை மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டு ஓட்ட வேண்டும். இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதல் 6 மாதம்தான் மிக வேகமாகக் குறையும். மிகக் குறைந்த எடை பெரும்பாலும் 12 முதல் 24 மாதத்துக்குள் வரும். அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறி நிற்பது வழக்கமானதே, அது தோல்வி அல்ல. அந்த ஏற்றத்துக்கு ஒரு அளவு இடம் வேண்டும்.

மருந்தால் குறைத்தவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். செமாக்ளுடைட் ஊசியை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளியானது. நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்த எடையில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. மருந்து தொடருமா, நிற்குமா என்று மருத்துவரிடம் பேசி முடிவாகாதவரை கடைசி இரண்டு அளவுகளைப் பத்திரமாக வைப்பதே புத்திசாலித்தனம்.

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஒரு வருடமாவது காத்தவர்களை அதில் சேர்ப்பார்கள். அதிலிருந்து தெரியவந்த ஒரு விஷயம் நம் அலமாரிக்கு நேராகப் பொருந்தும்: இரண்டு வருடத்துக்கு மேல் எடையைக் காத்துவிட்டவர்கள் தொடர்ந்து காப்பதற்கான வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. அதனால் நான் சொல்வது இதுதான். எடை நின்ற நாளிலிருந்து இரண்டு வருடம், இப்போதைய அளவுக்கு அடுத்த பெரிய அளவு ஒன்றை மட்டும் வைத்திருங்கள். அதற்கு மேலுள்ள மூன்று நான்கு அளவுகளை விட்டுவிடலாம்.

"எடை நின்றது" என்றால் என்ன என்று கேட்பீர்கள். மூன்று மாதம் இரண்டு கிலோவுக்குள் ஏறி இறங்கினால் நின்றதாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் ஒன்று, ஒன்றரை கிலோ மாறுவது தண்ணீரால். மாவுச்சத்திலிருந்து உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து நிற்கும். நேற்று நிறைய மாவுச்சத்தும் உப்பும் சாப்பிட்டிருந்தால் இன்று பட்டன் இறுகும். அந்த ஒரு நாளை வைத்து எந்தத் துணியையும் வைக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

வழிப்போக்கன் எழுதியது:

"அடுத்த பெரிய அளவு"ன்னு சொல்றீங்க. எவ்வளவு இன்ச்? ஒவ்வொரு பிராண்டும் ஒவ்வொரு மாதிரி லேபிள் போடறாங்களே.

தையல்மேசை எழுதியது:

லேபிளை நம்பாதீங்க. துணியையே அளங்க. பேன்டோட பட்டனைப் போட்டு, மேசையில தட்டையா விரிச்சு, இடுப்புப் பட்டியை ஓரத்துக்கு ஓரம் டேப்பால அளந்து ரெண்டால பெருக்குங்க. சட்டைன்னா அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அளந்து ரெண்டால பெருக்கணும். ரெடிமேட்ல ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் மார்பு, இடுப்புச் சுற்றுல பெரும்பாலும் 2 இன்ச், அதாவது 5 செ.மீ. வித்தியாசம் இருக்கும். அதனால "ஒரு அளவு பெருசு"ன்னா உங்க இப்போதைய பொருத்தத்தை விட 2 இன்ச் கூட. அவ்வளவுதான்.

இப்போ பிடிக்கிற விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதுலதான் நிறைய பேர் துணியையும் கெடுத்து, பணத்தையும் விடறாங்க.

முதல்ல கணக்கு. பக்கத்துல துணியைக் கிள்ளிப் பார்த்து "ஒரு இன்ச்தான் லூஸ்"னு சொல்லுவாங்க. கிள்ளின மடிப்போட ஆழம் ஒரு இன்ச்னா சுற்றளவுல போறது ரெண்டு இன்ச். ரெண்டு பக்கமும் கிள்ளினா நாலு இன்ச், அதாவது ரெண்டு அளவு. "சும்மா கொஞ்சம் பிடிங்க"ன்னு கொண்டு வர்ற துணி உண்மையில ரெண்டு மூணு அளவு பெருசா இருக்கும்.

பேன்ட்ல நடுப்பின் தையல்ல 2 இன்ச் வரைக்கும் தாராளமாப் பிடிக்கலாம், வெளியே தெரியாது. 3 இன்ச் ஆனா பின் பாக்கெட் ரெண்டும் நடுவுக்கு நகர்ந்து ஒண்ணையொண்ணு பார்க்க ஆரம்பிக்கும். அதுக்கும் மேலே போனா பக்கத் தையலையும் பிரிக்கணும், முன் பாக்கெட்டோட வாய் கோணிக்கும். ஆனா இடுப்பை விடப் பெரிய சிக்கல் கவட்டு ஆழம். பெரிய அளவு பேன்ட்ல இடுப்புலேர்ந்து கவட்டு வரைக்குமான நீளமும் கூட இருக்கும். இடுப்பை எவ்வளவு பிடிச்சாலும் பின்னாடி பை மாதிரி தொங்கறது அதனாலதான். அதைச் சரிபண்ண இடுப்புப் பட்டியை முழுசாக் கழட்டி, மேலே வெட்டி, ஜிப்பையும் சுருக்கணும். அவ்வளவு வேலைக்குப் புது பேன்ட் தைக்கிறதே மேல்.

ஜீன்ஸ் இன்னும் கடினம். இடுப்புக்குக் கீழே பின்பக்கம் ஒரு வளைந்த பட்டை தச்சிருக்கும், தையலெல்லாம் மடிச்சு இரட்டையா ஓடும். நடுவுல பிரிச்சுப் பிடிச்சா அந்தப் பட்டையோட கூர் மாறிடும், பழைய தையல் இருந்த இடத்துல சாயம் போகாத கருநீலக் கோடு தெரியும். ஜீன்ஸை ஒரு அளவுக்கு மேல பிடிக்காதீங்க.

சட்டையில பக்கத் தையல்ல சுற்றளவுல 3 இன்ச் வரைக்கும் சரியா வரும். எல்லையைச் சொல்றது தோள். தோள் தையல் உங்க தோள் எலும்பு முனையைத் தாண்டி அரை இன்ச் விழுந்தா விட்டுடலாம். ஒரு இன்ச்சுக்கு மேல விழுந்தா அந்தச் சட்டை உங்களுக்கு இல்லை. பக்கத்தை மட்டும் பிடிச்சு, கைக்குழியை அப்படியே விட்டா, கையைத் தூக்கும்போது சட்டை முழுசா மேலே ஏறும். பெரிய சட்டையில கைக்குழி கீழே இறங்கியிருக்கிறதுதான் காரணம். கோட்டும் அப்படித்தான். நடுப்பின் தையல்லயும் பக்கத்துலயும் 2 இன்ச் பிடிக்கலாம். தோளைத் தொட்டா கை, உள்ளே இருக்கிற பேட், காலர் எல்லாத்தையும் கழட்டணும்.

வெந்நீர்ல துவைச்சுச் சுருக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பருத்தி பெரும்பாலும் நீளத்துலதான் சுருங்கும், அகலம் அவ்வளவாக் குறையாது. கம்பளி கெட்டியாகி மொத்தை தட்டிடும். பாலியஸ்டர் சுருங்காது.

அளவுநாடா எழுதியது:

நன்றி தையல்மேசை அக்கா. வீட்டில் மிஷின் இருப்பவர்கள் அந்த நடுப்பின் தையலைத் தாங்களே செய்ய முடியுமா? படிப்படியாகச் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும்.

தையல்மேசை எழுதியது:

முடியும். சாதாரண பேன்ட்னா ஒன்றரை மணி நேர வேலை.

பேன்டைப் போட்டுக்கிட்டு நேரா நில்லுங்க. இன்னொருத்தர் பின்னாடி நடுவுல துணியைக் கிள்ளி, இடுப்புப் பட்டியில ஒரு குண்டூசி, அதுக்குக் கீழே ரெண்டு இன்ச்சுக்கு ஒண்ணுன்னு குத்தணும். ரெண்டு விரல் உள்ளே போற இடம் விட்டுட்டுத்தான் குத்தணும், இல்லேன்னா உட்காரும்போது இறுகும். கழட்டி, ஊசி இருந்த இடத்தை ரெண்டு பக்கமும் சாக்கால குறிங்க.

பின்னாடி நடுவுல இருக்கிற பெல்ட் லூப்பைப் பிரிங்க. இடுப்புப் பட்டியை நடுவிலேர்ந்து ரெண்டு பக்கமும் 3 இன்ச் பேன்டிலேர்ந்து பிரிச்சு விடுங்க. பட்டியோட நடுவுல தையல் இருந்தா அதையும் பிரிங்க, இல்லேன்னா வெட்டித்தான் சேர்க்கணும். இப்போ உள்பக்கம் திருப்பி, மேலே குறிச்ச இடத்திலேர்ந்து கீழே பழைய தையலோட சேர்ற மாதிரி ஒரு கோடு போடணும். தப்பு நடக்கிற இடம் இதுதான். அந்தக் கோடு 3 இன்ச்லயே பழைய தையலைத் தொட்டா அங்கே மூக்கு மாதிரி துருத்தும். 6, 7 இன்ச் நீளத்துக்கு மெதுவா இறங்கி, கவட்டு வளைவு தொடங்குற இடத்துல பழைய தையலோட வழுக்கிப் போய் சேரணும்.

மிஷின்ல அடிக்கிறதுக்கு முன்னாடி வேற நிற நூல்ல கையால ஓட்டுத்தையல் போடுங்க, இன்ச்சுக்கு மூணு நாலு தையல் போதும். போட்டுப் பார்த்து உட்காருங்க, குந்துங்க, நாலு படி ஏறுங்க. பின்பக்கம் குறுக்கே வரி வரியா இழுத்தா ரொம்பப் பிடிச்சாச்சு. நெடுக்கே மடிப்பு விழுந்தா இன்னும் இடம் இருக்கு. சரியா இருந்தா அதே கோட்டுல மிஷின் தையல், வளைவுல மட்டும் ரெண்டு தடவை. பழைய தையலைப் பிரிச்சு, உள்ளே இருக்கிற துணியை ரெண்டு பக்கமும் விரிச்சு அயர்ன் பண்ணிட்டு, பட்டியைச் சுருக்கித் திரும்பப் பொருத்துங்க.

உள்ளே மிச்சம் வர்ற துணியை வெட்டாதீங்க. பக்கத்துக்கு ஒரு இன்ச் இருந்தா, எடை ஏறினா அதே பேன்டைப் பிரிச்சு 2 இன்ச் விடலாம். எடை இன்னும் நிக்காதவங்க ஓட்டுத்தையலோட நெருக்கமான வடிவத்தைக் கையாலயே போட்டுக்கிட்டு, பின்னாடி மிஷின் அடிச்சாக்கூடப் போதும்.

காலிஅலமாரி எழுதியது:

இது நல்ல வழி. அப்படியென்றால் பெரிய அளவு என்று தனியாக ஒன்றை வைக்கவே தேவையில்லையே? உள்ளே துணி விட்டுப் பிடித்த பேன்டே இரண்டு அளவுக்கும் ஆகிறது. என் கருத்தும் நிலாமுற்றத்தின் கருத்தும் அங்கே சேர்ந்துவிடுகிறது.

நிலாமுற்றம் எழுதியது:

பேன்டுக்கு ஆகும் அண்ணா. தோள் சம்பந்தப்பட்ட எதற்கும் ஆகாது. சட்டை, கோட், தைத்த மேலாடை இவற்றில் மட்டும் அடுத்த பெரிய அளவில் இரண்டு மூன்று போதும்.

தாமரைத்தண்டு எழுதியது:

அளவு சரியாகத் தெரிந்தாலும் கை விடாது, அதைப் பற்றியும் பேச வேண்டும்.

நிறைய எடை வேகமாகக் குறையும்போது மனதில் இருக்கும் உடம்பின் படம் உடனே மாறாது. கடையில் கை தானாகப் பழைய அளவுக்கே போகும், அகலமான நாற்காலியைக் கண் தேடும். இது பலருக்கும் மாதக் கணக்கில் நீடிக்கும். இந்தக் காலத்தில் பெரிய துணிகளைப் பார்த்து "இது கொஞ்சம்தான் லூஸ்" என்றே தோன்றும். கண்ணை நம்பாமல் உடம்பை டேப்பால் அளந்து, துணியையும் அளந்து, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இழுபடாத சட்டைக்கு மார்பில் உடம்பளவை விட 4 இன்ச் கூட இருப்பது இயல்பு. 8 இன்ச் கூட இருந்தால் அது உங்கள் துணி இல்லை என்று எண்ணே சொல்லிவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. எடை குறைந்த அளவுக்குத் தோல் சுருங்காது. வயிறு, மேல்கை, தொடை உள்பக்கம் ஆகிய இடங்களில் தொங்கும் தோல் இருக்கும். எடைக்கு ஏற்ற அளவு என்று வாங்கிய பேன்ட், தோல் மடிப்பை அழுத்தி உரசும், வியர்வையில் புண்ணாகும். அதனால் இடுப்பளவு மட்டும் பார்க்காமல் உட்கார்ந்த நிலையில் வயிற்றைச் சுற்றி அளக்க வேண்டும். இடுப்பு உயரமான பேன்ட், உள்ளே தையல் தடிப்பு இல்லாத துணி, மேல்கைக்குக் கொஞ்சம் தளர்வான கை, இவையெல்லாம் உதவும். பழைய துணிகளில் இந்த வேலைக்கு ஆகும் ஒன்றிரண்டு இருந்தால் அவை பெரியதாக இருந்தாலும் வைக்கலாம். தோல் நீக்கும் அறுவையை யோசிப்பவர்கள் அதற்குப் பிறகுதான் விலை உயர்ந்த துணிக்குப் போக வேண்டும், அளவு இன்னொரு முறை மாறும்.

வைப்பது, விடுவது என்று துணிகளைப் பிரிக்கும் வரிசையும் முக்கியம். நினைவுள்ள துணியில் ஆரம்பித்தால் முதல் பத்து நிமிடத்திலேயே உட்கார்ந்துவிடுவீர்கள். உள்ளாடை, காலுறை, வீட்டில் போடுவது, வேலைக்குப் போடுவது, விசேஷத்துக்குப் போடுவது என்று வாருங்கள், நினைவுத் துணி கடைசி. ஒரு நேரத்தில் 20 துணிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் போட்டுக் கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெறுமனே உடம்பின்மேல் பிடித்துப் பார்ப்பது பயன் தராது.

நினைவுக்காக வைக்க வேண்டியதை வைத்துக்கொள்ளுங்கள், அதில் குற்றவுணர்வு வேண்டாம். 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள ஒரு பெட்டி, மூடி மூட வேண்டும், அதுதான் எல்லை. முழுத் துணியும் தேவையில்லாத இடத்தில் காலரோ பாக்கெட்டோ பூவேலை செய்த ஓரமோ போதும்.

வழிப்போக்கன் எழுதியது:

உடம்பு சரியில்லாம எடை குறைஞ்சவங்களுக்கும் இதே வழிதானா?

நிலாமுற்றம் எழுதியது:

இல்லை, அது முழுக்க வேறு. முயற்சி செய்யாமலே 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அலமாரி அப்புறம். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோதான். துணி லூஸாவதை வைத்தே பலர் முதலில் கவனிப்பார்கள்.

சிகிச்சையில் இருப்பவர்கள் பழைய துணி எதையும் விடக்கூடாது. அந்த எடை திரும்பி வர வேண்டும் என்றுதான் எல்லாரும் பாடுபடுகிறோம். நாடா வைத்த இடுப்பு, தோளில் மாட்டும் சஸ்பெண்டர், பக்கத்தில் கையால் போடும் ஓட்டுத்தையல், இவை போதும். அவர்கள் கண்ணில் படும்படி பெரிய துணிகளை மூட்டை கட்டவும் வேண்டாம்.

பழையபெட்டி எழுதியது:

வைக்கப்போகும் அந்த ஒரு அளவைப் பற்றி. "வைத்திருந்தால் பிறகு ஆகும்" என்று சொல்கிறோம், துணி பெட்டிக்குள்ளேயும் கெடும்.

எலாஸ்டிக்கும், இழுபடும் துணியில் கலந்திருக்கும் ஸ்பான்டெக்ஸும் போடாமலே தளர்ந்துபோகும். சூடான பரணில் இன்னும் சீக்கிரம். செயற்கைத் தோல் ஜாக்கெட், பெல்ட், பையின் மேல்பூச்சு பாலியூரித்தேன். அது காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து செதில் செதிலாக உரியும். ஒருமுறைகூடப் போடாமல் வைத்திருந்தாலும் உரியும். அதனால் எலாஸ்டிக் இடுப்பு, இழுபடும் ஜீன்ஸ், செயற்கைத் தோல் இவற்றைப் பிற்காலத்துக்கென்று வைப்பதில் பொருளில்லை. இன்றைக்கு நன்றாக இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். கெட்டியான பருத்தி, லினன், கம்பளி, பட்டு ஆகியவை தாங்கும்.

வைக்கும் முன் துவைத்தே ஆக வேண்டும். ஒருமுறை போட்டுக் கழற்றிய வெள்ளைச் சட்டை கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். கழுத்திலும் அக்குளிலும் உள்ள வியர்வை எண்ணெய் ஆறு மாதத்தில் மஞ்சளாக எழும்பும், பிறகு போகாது. கஞ்சி போடக்கூடாது, மாவுச்சத்துக்கு வெள்ளிப்பூச்சி வரும். கம்பளியையும் பட்டையும் தின்பது அந்துப்பூச்சியின் புழு. அழுக்கும் வியர்வையும் பட்ட இடத்தைத்தான் அது முதலில் துளைக்கும். வெயிலில் காய்ந்த துணியை உடனே மூடாமல் ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு மடியுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் சிக்கினால் கரும்புள்ளிப் பூஞ்சை வரும், பருத்திப் பையே நல்லது. காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பை ஓரிரு மாதத்துக்கு ஆகும். வருடக்கணக்கில் வைத்தால் கம்பளி நசுங்கி மடிப்பு நிற்கும்.

அந்துருண்டை பற்றி ஒரு எச்சரிக்கை. நாப்தலீன் உருண்டையோடு வைத்த துணியை ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் ஒரு நொதிக் குறைபாடு) உள்ள குழந்தைகளின் பக்கத்தில் கொண்டுபோகக்கூடாது, இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். குழந்தை இருக்கும் வீட்டில் உருண்டையே வேண்டாம். சுத்தமான துணியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து உதறி மடிப்பதும் போதும்.

பெட்டியின் வெளியே ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: இடுப்பும் மார்பும் எத்தனை இன்ச், எத்தனை துணி, எந்தத் தேதியில் திறந்து முடிவெடுப்பது. தேதி எழுதாத பெட்டி பரணிலேயே கிடக்கும்.

கைமாற்று எழுதியது:

கொடுப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். பெரிய அளவுத் துணிக்கு எப்போதும் தேவை இருக்கிறது. நல்ல பெரிய அளவு பேன்டும் கோட்டும் கிடைப்பது கஷ்டம், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் தேடுவார்கள். அதனால் "யாருக்கு ஆகும்" என்று குப்பையில் போடாதீர்கள்.

துவைத்து, முழுக்கக் காயவைத்து, எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பாருங்கள். ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். பட்டன் இல்லாததற்குப் பட்டன் தைத்துக் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. தொடை உள்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பெரிய அளவுப் பேன்ட் முதலில் தேய்வது அங்கேதான், துணி சல்லடையாகத் தெரிந்தால் அது தானத்துக்கு ஆகாது. ஈரத்துணி ஒன்று மூட்டையில் போனால் முழு மூட்டையும் பூஞ்சை பிடித்து வீணாகும். ஒரு மூட்டையில் ஒரே அளவு, மேலே இன்ச் கணக்கில் சீட்டு, அவ்வளவு செய்தால் வாங்குகிறவர்களின் பாதி வேலை குறையும். போட்ட உள்ளாடை பெரும்பாலும் எங்கேயும் எடுக்கமாட்டார்கள். இணையத்தில் விற்பதானால் மார்பு, தோள், நீளம், இடுப்பு, உள்கால் நீளம் என ஐந்து அளவும் எழுதுங்கள். வெறும் லேபிள் எண்ணை நம்பி வாங்கினால் திரும்பி வரும்.

நேரடியாகத் தெரிந்தவருக்குக் கொடுக்கும்போது சொல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "எனக்குப் பெருசாயிடுச்சு, உங்களுக்குச் சரியா இருக்கும்" என்ற வாக்கியத்தில் அவருடைய உடம்பைப் பற்றிய தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. "இந்த நிறம் உங்களுக்கு நல்லா இருக்கும்னு தோணிச்சு, பாருங்க, வேண்டாம்னா தயங்காம சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கூடவே எடை குறைத்த கதையைச் சொல்லாதீர்கள். ஒன்றிரண்டு நல்ல துணி கொடுங்கள், மூட்டையாகக் கொண்டுபோய் இறக்காதீர்கள்.

தாமரைத்தண்டு எழுதியது:

கைமாற்று சொன்ன கடைசிப் பத்தியை எல்லாரும் இரண்டு முறை படியுங்கள். மிக அவசியமானது.

ஒட்டுத்துணி எழுதியது:

கொடுக்கவும் முடியாது, விடவும் மனமில்லை என்பவற்றுக்கு: பெரிய துணியில் நிறையத் துணி இருக்கிறது, அதுதான் வசதி. மார்பளவு 50 இன்ச் சட்டையில் முன்பக்கம் மட்டும் 25 இன்ச் அகலம்.

எளிதானது தலையணை உறை. 40 செ.மீ. சதுரத் திண்டுக்கு, சட்டையின் பட்டன்களைப் போட்டு, பட்டன் பட்டி நடுவில் வரும்படி முன்பக்கத்தில் 42 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். முதுகுப் பக்கத்தில் இன்னொன்று. வெட்டும் முன் பார்க்க வேண்டியது ஒன்று: மேல் கீழ் ஓரங்களிலிருந்து 3 செ.மீ.க்குள் பட்டன் வரக்கூடாது, மிஷின் ஊசி அதில் அடித்து உடையும். நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க வைத்து, நடுவில் இரண்டு பட்டனைக் கழற்றிவிட்டு, சுற்றி 1 செ.மீ. உள்ளே தைத்து, அந்தத் திறப்பு வழியாகத் திருப்புங்கள். ஜிப் வைக்க வேண்டியதே இல்லை, பட்டன்தான் வாய். பாக்கெட்டை அப்படியே விடலாம். பிரித்தெடுத்தால் அடியில் சாயம் போகாத கட்டம் தெரியும்.

டி-சட்டையில் போர்வை செய்கிறவர்கள் பின்னால் ஒட்டும் கேன்வாஸ் வைக்காமல் தைத்துவிட்டு, அலை அலையாக வருகிறது என்பார்கள். 14 இன்ச்சாக வெட்டி, கேன்வாஸை அயர்னால் ஒட்டி, பிறகுதான் 12.5 இன்ச்சாகச் சரி செய்ய வேண்டும். கால் இன்ச் தையல் போக 12 இன்ச் கிடைக்கும். அகலத்தில் 4, நீளத்தில் 5, மொத்தம் 20 சட்டையில் 48க்கு 60 இன்ச்.

துடைக்கும் துணிக்குப் பருத்தி மட்டும். பாலியஸ்டர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், உறிஞ்சாது.

அளவுநாடா எழுதியது:

துணி அல்லாதவை விட்டுப்போயின. பெல்ட், செருப்பு, மோதிரம், உள்ளாடை?

தையல்மேசை எழுதியது:

பெல்ட்ல புதுசா ஓட்டை போடாதீங்க. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு இன்ச், நாலு ஓட்டைக்கு மேல போனா நுனி பின்பக்கம் வரைக்கும் சுத்தும். பக்கிள் திருகு போட்டதா இருந்தா கழட்டி, பக்கிள் பக்கத்துல வெட்டி, திரும்ப மாட்டுங்க. ஓட்டை இருக்கிற நுனிப் பக்கம் கை வைக்கவே கூடாது.

பிரா வேற கணக்கு. முதல்ல பார்க்க வேண்டியது மார்புக்குக் கீழே இருக்கிற பட்டையோட சுற்றளவு. பின்பக்கப் பட்டை முதுகுல மேலே ஏறினா பட்டை பெருசு. கடைசிக் கொக்கியிலயும் ஏறினா மாத்தணும். பட்டை ஒரு அளவு சின்னதாப் போகும்போது கப் எழுத்து ஒண்ணு மேலே போனாத்தான் அதே கொள்ளளவு. இதைத் தெரியாம ரெண்டையும் சேர்த்துக் குறைச்சு வாங்கிட்டு வலிக்குதுன்னு சொல்லுவாங்க. பழசை இன்னொரு அளவுக்குன்னு வைக்க வேண்டாம், எலாஸ்டிக் போயிருக்கும்.

நிலாமுற்றம் எழுதியது:

பாதத்தில் கொழுப்பும் வீக்கமும் குறைவதால் செருப்பு அரை அளவு, சிலருக்கு ஒரு அளவு குறையும். குதிகால் நழுவுகிற காலணியைப் பழக்கத்தில் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், தடுக்கி விழுவதற்கு அதுதான் வழி. மோதிரத்தை எடை நின்ற பிறகே சுருக்கக் கொடுங்கள். விரல் குளிரில் சுருங்கும், அதனால் சாயங்காலம் கை வெதுவெதுப்பாக இருக்கும்போது அளப்பது நல்லது. சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பெரும்பாலும் சுருக்க முடியாது. கால் நரம்புச் சுருட்டலுக்கு அழுத்தக் காலுறை போடுகிறவர்கள் பழைய அளவைத் தொடரக்கூடாது. கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை மறுபடி அளந்து வாங்க வேண்டும், தளர்ந்த காலுறையில் அழுத்தமே இருக்காது.

வழிப்போக்கன் எழுதியது:

ஒரே ஒரு கேள்வி. நடுப்பின் தையலைப் பிரிச்சுப் பிடிச்சாச்சு. பிற்பாடு பிரிச்சு விட்டா பழைய ஊசி ஓட்டை வரிசையாத் தெரியாதா?

தையல்மேசை எழுதியது:

கம்பளியிலயும் தளர்வா நெய்த துணியிலயும் போயிடும். உள்பக்கம் வெளியே வர்ற மாதிரித் திருப்பி, ஈரத்துணி போட்டு ஆவியில அயர்ன் பண்ணி, நகத்தால ஓட்டை மேல குறுக்கும் நெடுக்குமாத் தேய்ச்சா நூல் நகர்ந்து மூடிக்கும். மடிப்புக் கோடு மட்டும் நின்னா, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணி கலந்து அந்த ஈரத்துணியில தொட்டு அயர்ன் வைங்க, முதல்ல உள்மடிப்புல சாயம் போகுதான்னு ஒரு இடத்துல பார்த்துட்டு. கெட்டியா நெய்த பாலியஸ்டர், பட்டு, செயற்கைத் தோல் இதுலெல்லாம் ஓட்டை போகவே போகாது. அதுகளைப் பிடிக்கறதா இருந்தா பிரிச்சு விடுற எண்ணமில்லாம பிடிங்க.